எவரிஸ்தோவின் காய்ந்த விறகு

சிலி நாட்டின் தென்கோடியில், எங்கள் கொயாய்க்கே ஊரில் எவரிஸ்தோ மன்சீயாவிடம் விறகு வாங்காத தெரு கிடையாது. வாங்கியவர்களுக்கு அந்த நாடகம் தெரியும். பிக்கப் வண்டி வாசலில் வந்து நிற்கும். மனிதர் உடனே இறங்கமாட்டார். பக்கத்து இருக்கையில் கிடக்கும் இரண்டு விறகுத் துண்டுகளை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒன்றோடு ஒன்றைத் தட்டுவார். 'டங்' என்று கேட்கும். "கேட்டுதா? மணி மாதிரி! காஞ்ச லெங்கா மரம். நம்ம விறகு அழாது" என்பார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து இறங்குவார். இருபத்தெட்டு வருஷமாக இதே தட்டு, இதே வசனம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கள் ஊரில் விறகு விற்கிறவர்களில் பாதிப்பேர் அடுக்குக்கு நடுவே பொந்து விட்டு அளப்பவர்கள். இவர் அளந்து முடித்த பிறகும் மேலே ஒரு கை அள்ளிப் போடுகிறவர். "அண்ணே, விறகு எரிய மாட்டேங்குது, வீடெல்லாம் புகை" என்று யாராவது புகார் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்கள் சமையலறைக்கே போவார். இரும்பு அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தை அண்ணாந்து பார்ப்பார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "குழாய்தான் கோளாறு" என்பார். குழாய் புதுசாக இருந்தால் காற்று. காற்றே வீசாத நாளென்றால் அடுப்புக் கதவு. மூன்றும் சரியாக இருந்தால், "உங்களுக்குப் பத்த வைக்கத் தெரியலக்கா, தப்பா எடுத்துக்காதீங்க." விறகின் மேல் மட்டும் பழி வராது.

இதையெல்லாம் அவர் நம்பித்தான் சொன்னார். அதே மலை, அதே மரம், அதே கொட்டகையிலிருந்து எடுத்த விறகுதானே அவர் வீட்டிலும் எரிந்தது? எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாத உறைபனியில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது எவரிஸ்தோ பனியனோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருப்பார். அடுப்பு ஒரு பொட்டுப் புகை விடாமல் எரியும். விறகில் குறை இருந்தால் இங்கே மட்டும் எப்படி எரியும்? நியாயமான கேள்விதான். இருபத்தெட்டு வருஷத்தில் அவரை அதில் மடக்க ஒருவராலும் முடியவில்லை.

அடுத்த வருஷத்துக்கு இந்த வருஷமே விறகு வாங்கி அடுக்கி வைக்கிற ஆட்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். காய்ந்ததை மறுபடி எதற்குக் காயவைக்கிறார்கள்? வசதி கூடிப்போனால் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று மனைவி ஒதீலியாவிடம் சொல்வார். ஒதீலியா "ம்" என்பாள்.

அந்த ஒதீலியாதான் மே மாதக் கடைசியில் இருமல் என்று படுத்தாள். இருமல் நுரையீரலில் நீராகக் கோத்துக்கொண்டது. விமானத்தில் ஏற்றிப் புவெர்த்தோ மோந்த் ஊருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. எவரிஸ்தோவும் கூடவே போனார். ஒதீலியாவின் தங்கை நெல்தாவின் வீடு அங்கேதான். நெல்தா வீட்டில் அடுப்பும் கிடையாது, விறகும் கிடையாது. சுவரில் மாட்டிய கேஸ் ஹீட்டர், பொத்தானை அமுக்கினால் சூடு. ஐந்து வாரம் அந்த வீட்டு சோபாவில் எவரிஸ்தோ பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். தூங்குவதற்கு முன்னால் தூக்கிப் போட ஒரு கட்டை இல்லாத வீடும் ஒரு வீடா?

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னதும் நெல்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"மச்சான், டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா? வீடு சூடா இருக்கணும். புகை துளிகூட ஆகாது. உங்க ஊர்ல ஜூலையில மூச்சு விட முடியுதா? ஊர் மேலயே புகை போர்வை மாதிரி கெடக்கு."

"அது ஊரு. என் வீட்டுல என்னைக்காவது புகை பார்த்திருக்கியா? இருபத்தெட்டு வருஷமா விறகு விக்கிறவன்கிட்ட வந்து அடுப்பப் பத்திச் சொல்றா பாரு!"

"சரி, நீங்க முன்னாடி போய் வீட்டத் தயார் பண்ணுங்க. சனிக்கிழமை விமானத்துல அக்காவ நான் கூட்டிட்டு வரேன். வாசல்ல காலு வைக்கும்போது மூக்குல புகை ஏறிச்சோ, அப்படியே திரும்பிடுவேன். அதுக்கப்புறம் அக்கா என் வீட்டுலதான். இந்தக் குளிருக்கு மட்டும்னு நினைக்காதீங்க, எப்பவும்."

எவரிஸ்தோ சிரித்தார். கட்டிலில் கிடந்த ஒதீலியா சிரிக்கவில்லை. பேசக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்ததால் புருஷனை ஒரு மாதிரி பார்த்ததோடு சரி. போய் வருகிறேன் என்று அவர் குனிந்தபோது சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓவன்..." என்றாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது.

"தெரியும், தெரியும். நீ பேசாத" என்றார்.

அவருக்குத் தெரிந்தது என்னவென்றால், அது அந்த வீட்டுச் சட்டம். அடுப்பின் வலது பக்கத்தில் ரொட்டி சுடுகிற ஓவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் கைப்பிடியைத் தொட, "திறக்காதீங்க, சூடு போயிடும்" என்று ஒதீலியா கத்தினாள். அவள் பிறந்த வீட்டுப் பழக்கமாக்கும் என்று விட்டுவிட்டார். ஊரில் எல்லோரும் சாயங்காலம் ரொட்டி சுடுவார்கள். அவர் வீட்டில் மட்டும் காலையில். அதையும் அவர் கேட்டதில்லை. எட்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து மலைக்குப் போகிற மனிதனுக்கு ரொட்டி எப்போது சுட்டால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்து சேர்ந்தார். வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. அடுப்புப் பக்கத்து மரப்பெட்டி நிறைய விறகு இருந்தது. ஒதீலியா போவதற்கு முன் நிரப்பி வைத்தது. செருகினார், தீக்குச்சி கிழித்தார், ஒரே குச்சிதான். அரை மணியில் கூரைப் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்தது. எவரிஸ்தோ பனியனோடு உட்கார்ந்து நெல்தாவுக்குப் போன் போட்டார்.

"என்ன, புகை வாசனை போன்ல வருதா?"

"ரொம்ப அலட்டிக்காதீங்க மச்சான். சனிக்கிழமை பார்ப்போம்" என்றாள் நெல்தா.

திங்கட்கிழமை மதியத்தோடு மரப்பெட்டி காலி. எவரிஸ்தோ கொட்டகைக்குப் போய்த் தன் கையாலேயே வெட்டி, தன் கையாலேயே பிளந்த விறகில் இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தார். கோளாறு அப்போது தொடங்கியது.

விறகு பற்றவில்லை. பேப்பர் எரிந்தது, சுள்ளி எரிந்தது, கட்டை மட்டும் கறுத்துப்போய் அப்படியே கிடந்தது. பிறகு 'உஸ்' என்று ஒரு சத்தம். கட்டையின் நுனியில் நுரை தள்ளியது. சமையலறையெங்கும் வெள்ளைப் புகை பரவி, எவரிஸ்தோ இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் வெளியே போயிற்று.

அவர் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று எரிந்தது. இன்று எரியவில்லை. அடுப்பு அதே அடுப்பு, விறகு அதே கொட்டகை விறகு, பற்றவைத்ததும் அதே ஆள். இது என்னடா கூத்து?

குழாய்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். செவ்வாய்க்கிழமை முழுக்கக் கூரை மேலேதான் இருந்தார். பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக் கரியை வழித்தார். வழித்து இறங்கிப் பற்றவைத்தால், புகை. சரி, காற்று. மறுபடி ஏறிக் குழாய்த் தொப்பியைத் திருப்பி வைத்தார். புகை. அன்றைக்கு மருந்துக்குக்கூடக் காற்று இல்லை, அதுவும் அவருக்குத் தெரியும். புதன்கிழமை அடுப்புக் கதவின் இடுக்கை அடைத்திருந்த தீப்பற்றாத கயிற்றைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கயிறு ஒட்டினார். கதவு கச்சிதமாக மூடியது. கச்சிதமாக மூடிய கதவுக்குள்ளே விறகு உட்கார்ந்து அழுதது.

மிச்சம் இருந்தது ஒரே காரணம். உங்களுக்குப் பத்த வைக்கத் தெரியலை, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வாக்கியம் மண்டைக்குள் வந்ததும் அவருக்குக் காது சுட்டது. உடம்பில் அன்றைக்குச் சூடாக இருந்ததே காது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு க்ளோதோமீரோ இரண்டு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு வளர்க்கிறவன். வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும், ஒன்று ரொட்டி, இல்லையென்றால் வம்பு.

"என்னண்ணே, கூரைக்கே குடி போயிட்டீங்களா?"

"அடுப்பு மக்கர் பண்ணுதுடா."

"பண்ணாம? அடுப்புக்கு ஆள் தெரியும்ண்ணே. எங்கம்மா செத்தப்போ எங்க வீட்டு அடுப்பு ஒரு மாசம் எரியல. அண்ணி இல்லாம ஏங்கிப்போயிருக்கு."

"போடா, அடுப்பு ஏங்குமாம்!"

"சொன்னதச் சொன்னேன். அண்ணியோட துணி எதையாவது பக்கத்துல போட்டு வைங்க, அப்புறம் பாருங்க."

எவரிஸ்தோ அவனைத் திட்டிவிட்டு உள்ளே போனார். போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஆணியில் தொங்கிய ஒதீலியாவின் ஏப்ரனை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னலைப் பார்த்துவிட்டு, அடுப்பின் முன்கம்பியில் மாட்டினார். மாட்டியும் போதவில்லை. "சனிக்கிழமை வந்துடுவா. அதுவரைக்கும் எரிஞ்சு தொலை" என்று அடுப்பிடம் கெஞ்சினார். ஐம்பத்தொன்பது வயது மனிதர். ஏப்ரனும் புகை வாசனை பிடித்ததுதான் மிச்சம். அதைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒதீலியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் போன் நெல்தாவின் கையில். புதன்கிழமை சாயங்காலம் துணிந்து பேசினார்.

"நெல்தா, அக்காகிட்ட ஒண்ணு கேளேன். அடுப்பப் பத்தவைக்கும்போது அவ என்னமோ பண்ணுவாளே..."

"ஏன், புகையுதா?"

"சேச்சே! யாரு சொன்னா? சும்மா ஒரு இதுக்குக் கேட்டேன்."

அந்தப் பக்கம் என்னவோ குசுகுசுப்பு. பிறகு நெல்தா, "ஓவன் ஞாபகம் இருக்கான்னு கேக்கறா" என்றாள்.

"இருக்கு இருக்கு. ராத்திரியில தொடக்கூட இல்லன்னு சொல்லு."

மறுபடி குசுகுசுப்பு, அதன் மேல் இருமல். "போதும் போதும், அக்கா பேசக் கூடாது" என்று நெல்தா போனை வைத்துவிட்டாள். எவரிஸ்தோ சமையலறை நடுவில் கோட்டு, தொப்பி, கையுறை சகிதமாக நின்றுகொண்டிருந்தார். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அவள் வராமலே போய்விடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. சுவரில் பொத்தான் வைத்த அந்த வீட்டிலேயே இருந்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு எர்மீந்தா டீச்சர் ஞாபகம் வந்தது. ரிட்டையர் ஆன டீச்சர், மேட்டுத்தெருவில் தனியாக இருப்பவர். புகை, புகை என்று மூன்று குளிர்காலத்துக்கு முன்புவரை எவரிஸ்தோவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புகார் சொன்னவர். இவர் பேச்சைக் கேட்டு இரண்டு தடவை குழாயை மாற்றியவர். அப்புறம் புகாரே வரவில்லை. அப்படியானால் இரண்டாவது தடவை போட்ட குழாயில் ஏதோ இருக்கிறது. அதையே வாங்கிப் போட்டுவிட்டால்? எவரிஸ்தோ வண்டியைக் கிளப்பினார்.

டீச்சர் வீட்டுக்குள் காலை வைத்ததும் கண்ணாடி போட்டிருந்தால் ஆவி படிந்திருக்கும், அவ்வளவு சூடு. டீச்சர் மெல்லிசு சட்டையோடு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு சத்தமில்லாமல் எரிந்தது.

"வாங்க எவரிஸ்தோ. ஒதீலியா எப்படி இருக்கா?"

"சனிக்கிழமை வரா டீச்சர். டீச்சர், அந்தக் குழாய்... எந்தக் கடையில வாங்கினீங்க?"

"எந்தக் குழாய்?"

"ரெண்டாவதா மாத்தினீங்களே, அதுக்கப்புறம்தானே புகை நின்னுச்சு?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையனைப் பார்க்கிற பார்வை.

"குழாய்க்கும் புகைக்கும் சம்பந்தமே இல்ல. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டபடி எழுந்து போய் ஓவன் கதவைத் திறந்தார்.

உள்ளே ரொட்டி இல்லை. விறகு. வரிசையாக, பெட்டியில் வாழைப்பழம் அடுக்கின மாதிரி அடுக்கி வைத்திருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"உங்க விறகுதான்."

"ஓவனுக்குள்ள எதுக்கு?"

"காயறதுக்கு."

"அது காஞ்ச விறகு டீச்சர்!"

டீச்சர் ஓவனிலிருந்து இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினார். டங். பின்கதவைத் திறந்து, மே மாதம் எவரிஸ்தோவின் வண்டியில் வந்திறங்கிய குவியலிலிருந்து இரண்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "நீங்களே தட்டுங்க."

எவரிஸ்தோ தட்டினார். தொப். மறுபடி தட்டினார். தொப். பலகைமேல் ஈரத்துணி விழுந்தது போல.

"ஆனா வண்டியில நான் தட்டும்போது டங்குன்னுதானே கேக்கும்? நான் ஒண்ணும் பித்தலாட்டம் பண்ணலயே! அடுப்புப் பக்கத்துப் பெட்டியிலேர்ந்து காலையில ரெண்டு கட்டைய எடுத்து வண்டியில போட்டுக்குவேன். கைக்கெட்டின எடத்துல இருக்குமேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கட்டை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அடுப்புப் பக்கத்தில் இருப்பதால் அந்தச் சூடு என்று நினைத்திருந்தார்.

"யாரு சொன்னா டீச்சர் உங்களுக்கு? இந்த ஓவன் வேலைய?"

"ஒதீலியாதான். நீங்க ரெண்டாவது குழாயையும் மாத்தச் சொல்லிட்டுப் போன மறுநாள் வந்தா. தீ அடங்கித் தணலானப்புறம் உள்ள வைக்கணும், கதவ விரக்கடை திறந்து வைக்கணும், விடியறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லன்னா உள்ளயே பத்திக்கும்னு எல்லாம் சொல்லிக் கொடுத்தா. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்னு கையப் பிடிச்சுக்கிட்டா."

எவரிஸ்தோ உட்கார நாற்காலி தேடினார். அவருக்குக் கோபமா, வெட்கமா, என்னவென்றே பிடிபடவில்லை. ஒருவரையும் அவர் ஏமாற்றவில்லை. ஆனால் ஏமாந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். இது எப்படி? அவர் மட்டும் எட்டரைக்குப் படுத்துத் தூங்கியிருக்கிறார். அவள் தணலுக்காகக் காத்திருந்து அடுக்கியிருக்கிறாள், விடியுமுன் எழுந்து எடுத்துப் பெட்டியில் போட்டிருக்கிறாள். வருஷத்தில் எட்டு மாதம் அடுப்பெரிகிற ஊர். எத்தனை ராத்திரி என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்துபோய் விட்டுவிட்டார். அந்த ஈரவிறகின் ஆவிதான் அவள் நெஞ்சில் ஏறியதோ? டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நினைத்துத் தேற்றிக்கொள்வதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

டீச்சர் ஒரு சாக்கை எடுத்து ஓவன் விறகை அதில் போட்டார். "கொண்டு போங்க. முதல் தீக்கு இது வேணும். அதுக்கப்புறம் உங்களோடத நீங்க காயவச்சுக்கலாம். மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க, உங்க விறகுதானே!"

வியாழனும் வெள்ளியும் எவரிஸ்தோ அடுப்பின் அடிமையாகக் கிடந்தார். டீச்சர் கொடுத்ததில் தீ மூட்டி, தன்னுடைய விறகை ஓவனில் ஒரு கை, அடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு கை என்று அடுக்கினார். தணலானதும் வைத்தார், திருப்பிப் போட்டார், எடுத்தார். ஒரு தடவை கண் அயர்ந்து ஒரு கட்டை ஓரம் கருகிவிட்டது. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் சூடு. ஒதீலியாவின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு தழும்பு இருக்கும், ரொட்டித் தட்டு பட்டது என்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு லோடு இருந்தது, பெட்ரோல் பங்க் பின்னால் புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு. எவரிஸ்தோ வண்டியை நிறுத்தினார். பழக்க தோஷம், கை பக்கத்து இருக்கைக்குப் போனது. காலையில் அங்கே கொட்டகை விறகு இரண்டை அவரே கொண்டுவந்து போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தட்டினார். தொப்.

வாசலில் நின்ற பெண் விழித்தாள்.

"ஈரம். அடுத்த வருஷத்துக்கு அடுக்கி வைம்மா. இந்த வருஷத்துக்கு வேணும்னா ராத்திரி ஓவன்ல..." என்று தொடங்கினார்.

"தெரியும்ண்ணே. ஒதீலியாக்கா போன குளிர்லயே எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்களே."

எவரிஸ்தோ தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு விறகை இறக்கினார். ஒரு கை அதிகமாகவே போட்டார்.

சனிக்கிழமை பல்மசேதா விமான நிலையத்தில் ஒதீலியா பாதியாக இளைத்து இறங்கி வந்தாள். எவரிஸ்தோ என்னவோ சொல்ல வாயெடுத்து, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். வண்டியில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்த ஒதீலியா, இருக்கையில் கிடந்த இரண்டு கட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் சும்மா ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். தொப் என்றது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார். நெல்தா, விமானத்தில் கொடுத்த பிஸ்கட் எவ்வளவு மட்டமென்று பேசிக்கொண்டே வந்தாள்.

ஊர்மேல் வழக்கம் போல சாம்பல் போர்வை. நெல்தா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "பாருங்க, பாருங்க" என்றாள். எவரிஸ்தோ ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அடுப்பில் விறகு போட்டுவிட்டு வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு ஈரக் கட்டை தப்பி உள்ளே போயிருந்தாலும் போயிற்று. வண்டி தெரு முனையில் திரும்பியது. வீட்டுக் குழாய்க்கு மேலே காற்று மட்டும் லேசாக நெளிந்துகொண்டிருந்தது. புகை இல்லை.

நெல்தா முதலில் உள்ளே போனாள். முகர்ந்தாள். திரைச்சீலையைப் பிடித்து முகர்ந்தாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனைக்கூட விடவில்லை. சோப்பு வாசனைதான் வந்தது. கடைசியில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"பரவாயில்ல மச்சான். அக்கா இருக்கட்டும்."

எவரிஸ்தோ விறகு எடுக்கப் போவதாகச் சொல்லிக் கொட்டகைக்குப் போய், யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

சூப்பும் உருளைக்கிழங்குமாகச் சாப்பாடு முடிந்தது. பயணக் களைப்பில் நெல்தா உள்ளறையில் போய்ப் படுத்தாள். ஒதீலியா மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அடுப்புப் பக்கம் போய், வழக்கம் போல ஓவன் கைப்பிடியில் கையை வைத்தாள்.

"திறக்காத, சூடு போயிடும்" என்றார் எவரிஸ்தோ.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எழுந்து போனார், சிரிப்பு. சிரித்துச் சிரித்து லேசாக இருமலும் வந்தது. அவர் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, "ஐயோ, துணி வச்சுப் பிடிக்க வேண்டாமா?" என்றாள்.

"ஊரு பூராச் சொல்லியிருக்க. குழாய் மாத்தினவங்ககிட்ட, மாத்தாதவங்ககிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. என்கிட்ட ஏன் சொல்லல?" எவரிஸ்தோ எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருபத்தெட்டு வருஷம், ஒதீலியா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"கல்யாணமான முதல் குளிர்ல. இதே மேசையில. விறகு ஈரமா இருக்குங்கன்னு சொன்னேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏணிய எடுத்துக்கிட்டுக் கூரை மேல ஏறிட்டீங்க."

எவரிஸ்தோ யோசித்துப் பார்த்தார். கூரை ஞாபகம் இருந்தது. பனி வழுக்கியது, சுத்தியல் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. எதற்காக ஏறினோம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இறங்கி வந்து என்ன சொன்னேன்?"

"காத்துன்னீங்க."